மாப்பிள்ளை மோதிரமும் பிளாட்டினம் விலையும்

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2014-ல் அவருடைய நிக்காஹ்வின்போது பெண் வீட்டில் எட்டு கிராமில் பிளாட்டினம் மோதிரம் போட்டார்கள். அன்று தங்கமும் பிளாட்டினமும் கிராமுக்கு ஏறத்தாழ ஒரே விலை. பத்து ஆண்டு கழித்து மனைவியின் வளையல் இரண்டரை மடங்காகிவிட்டது. மோதிரமோ வாங்கிய விலையிலேயே கிடந்தது. "தங்கத்தைவிட உயர்ந்தது என்று சொல்லித்தானே விற்றார்கள்?" என்பது அவருடைய முதல் கேள்வி. பிறகு 2025-ல் அதே பிளாட்டினம் மளமளவென்று ஏறியதைப் பார்த்து இரண்டாவது கேள்வி: "இது என்ன கணக்கு? தங்கைக்கு நகை எடுக்க வைத்திருக்கும் பணத்தில் பிளாட்டினம் வாங்கிப் போடலாமா?"

நான் நகைக்கடைக்காரன் அல்லன். கீழக்கரையிலிருந்து சபர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போய், ஷார்ஜாவில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவன். பிளாட்டினத்தை நான் விரலில் பார்த்ததைவிடப் புகைக்குழாயில் பார்த்ததுதான் அதிகம். அதனால்தான் இந்த உலோகத்தைப் பற்றிய என் எண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் போட்டுக் காட்டுபவர்களின் எண்ணத்தோடு ஒத்துப்போவதில்லை.

தம்பி, தங்கத்தை வைத்துப் பிளாட்டினத்தை அளக்காதீர்கள். கணக்கு தப்பும். நம் கரையில் விடிகாலை நடக்கும் மீன் ஏலத்தை நினைத்துக்கொண்டு அளந்தால் ஓரளவு பிடிபடும்.

தங்கம் பூமிக்கு மேலே இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குவிந்திருக்கிறது. மனிதன் தோண்டியெடுத்த தங்கத்தில் பெரும்பங்கு இன்னும் கழுத்திலோ பெட்டகத்திலோ ரிசர்வ் வங்கிகளின் அறைகளிலோ இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,600 டன் புதிதாக வருகிறது. ஒரு சுரங்கம் மூடினால் தங்கத்தின் விலை திரும்பிக்கூடப் பார்க்காது. வைத்திருப்பவர்களுக்குப் போர், கடன், பணத்தின் மதிப்பு பற்றிப் பயம் வந்தால் ஏறும். பிளாட்டினம் சுரங்கத்திலிருந்து ஆண்டுக்கு 170, 180 டன் அளவில்தான் வருகிறது. தங்கத்தில் இருபதில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி தொழிற்சாலைக்குள் போய்விடும். எந்த ரிசர்வ் வங்கியும் தங்கத்தைப்போல அதை டன் கணக்கில் அடுக்கிவைத்துக் காவல் காப்பதில்லை. அரிய பொருள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரிய பொருளுக்கு விலை வர வேண்டுமென்றால் அது இல்லாமல் தீராது என்று ஒருவன் எங்கோ காத்திருக்க வேண்டும். சங்கு குளிக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவது மன்னார் வளைகுடாவில்; சங்குக்கு விலை வைத்தது வங்காளத்துக் கல்யாணப் பெண்ணின் கைவளையல். அங்கே கல்யாணம் குறைந்தால் இங்கே குளித்தெடுத்த சங்கு குடோனில் கிடக்கும்.

பிளாட்டினத்துக்காகக் காத்திருப்பவர்களில் பெரியவர் கார்த் தொழிற்சாலைக்காரர். மொத்தத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு அவருடையது. நகை நாலில் ஒரு பங்கு. மீதியைக் கண்ணாடித் தொழில், உரத்துக்கான நைட்ரிக் அமிலம் செய்யும் ஆலைகள், பெட்ரோலிய சுத்திகரிப்பு நிலையங்கள், கணினி ஹார்டு டிஸ்க், இதயத்துடிப்புக் கருவி, புற்றுநோய் மருந்து என்று பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் கட்டியாக வாங்கிவைக்கும் முதலீட்டாளர்கள்.

கார்க்காரரின் பங்கை நான் கையால் தொட்டிருக்கிறேன். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், வண்டியின் வயிற்றோடு ஒட்டி, பலாக்கொட்டை வடிவத்தில் ஓர் உருக்குக் கூடு இருக்கும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அது. கிரைண்டரால் வாயைக் கீறித் திறந்தால் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். தீக்குச்சி முனைகூட நுழையாத சதுரத் துளைகள், ஆயிரக்கணக்கில். அந்தத் துளைகளின் சுவரில் சாம்பல் நிறப் பூச்சாகப் பிளாட்டினம், அதே இனத்து உலோகங்களான பல்லேடியம், ரோடியம் மூன்றும் இருக்கும். மூன்றும் சேர்ந்தே சில கிராம்தான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. உடைத்தால் சுண்ணாம்புக் கட்டி உடைகிற சத்தம், மூக்கை அரிக்கும் தூசி, அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், "இதற்குள்ளா காசு இருக்கிறது?" என்று கேட்பார்கள். உருக்குக் கூட்டின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்துத்தான் விலை சொல்வோம். பார்வைக்கு இரட்டைப்பிள்ளை போலிருக்கும் இரண்டு கூடுகளில் ஒன்று நூறு திர்ஹம், மற்றது ஆயிரம் திர்ஹம் போகும். அந்த விலையும் காலையில் ஒன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, மாலையில் ஒன்று. லண்டனில் பிளாட்டினத்துக்கு நாளுக்கு இருமுறை ஏலம் நடந்து விலை நிர்ணயமாகிறது. நம் கரையில் கூறு போட்டுக் கூவுவதுபோலத்தான். அங்கே கணினித் திரையில் கூவுகிறார்கள்.

2020 பிப்ரவரி நடுவில் ஓர் அவுன்ஸ் பிளாட்டினம், அதாவது 31.1 கிராம், 950 டாலருக்கு மேல் நின்றது. அந்த நம்பிக்கையில் கையிலிருந்த பணத்தையெல்லாம் கூடுகளாக வாங்கி முற்றத்தில் குவித்திருந்தேன். கொரோனா வந்து கார்த் தொழிற்சாலைகள் கதவடைத்தன. மார்ச் மூன்றாம் வாரத்தில் 600 டாலருக்கும் கீழே. பதினேழு, பதினெட்டு ஆண்டுகளில் காணாத விலை. தங்கமும் அந்த நாள்களில் சற்றுத் தடுமாறியது. ஆனால் ஆகஸ்டில் 2,000 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. பிளாட்டினம் அதே ஆகஸ்டில் பழைய இடத்துக்குத் தவழ்ந்து வந்து சேர்ந்தது. உலகமே பயந்து நடுங்கிய ஆண்டில் தங்கம் ஏறுகிறது, பிளாட்டினம் விழுந்து எழுந்திருக்கவே அரை ஆண்டு பிடிக்கிறது. இரண்டும் உறவுக்காரர்கள் அல்லர் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இனி, தோண்டுகிற பக்கம்.

உலகின் சுரங்கப் பிளாட்டினத்தில் பத்தில் ஏழு பங்கு தென்னாப்பிரிக்காவில் புஷ்வெல்ட் என்ற ஒரே பாறைத் தொடரிலிருந்து வருகிறது. 1924-ல் ஹான்ஸ் மெரென்ஸ்கி என்ற புவியியலாளர் கண்டுபிடித்த படுகை இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அடுத்த இடங்கள் ரஷ்யாவுக்கும் ஜிம்பாப்வேக்கும். ஒரு டன் பாறையை உடைத்தால் இந்த வகை உலோகங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று, நான்கு கிராம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, குனிந்து வேலை செய்யும் இடுக்குகளில், வெக்கையில் அதை எடுக்கிறார்கள். பாறை மேலே வந்து அரைபட்டு, உருகி, அமிலத்தில் கரைந்து, பிரிந்து, கட்டியாக மாற மாதங்கள் ஆகும். இன்று விலை ஏறிவிட்டது என்பதற்காக நாளைக்குக் கூடுதலாகக் கொண்டுவர எவராலும் முடியாது. ஒரே மாவட்டத்துப் படகுகளை நம்பி உலகம் முழுவதும் மீன் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாவட்டத்தில் காற்று மாறினால் போதும்.

அப்படி ஒரு முறை காற்று மாறியது 2008 ஜனவரி கடைசியில். தென்னாப்பிரிக்காவின் அரசு மின்நிறுவனமான எஸ்காம், சுரங்கங்களுக்கு உறுதியாக மின்சாரம் தர முடியாது என்று கைவிரித்தது. பூமிக்கு அடியில் ஆள்கள் நிற்கும்போது லிஃப்டும் காற்று விசிறியும் நின்றுபோனால் என்ன ஆகும்? எனவே சுரங்கங்களை ஐந்து நாள் போல மூடினார்கள். ஐந்தே நாள். ஆண்டுத் தொடக்கத்தில் 1,500 டாலர் அளவில் இருந்த பிளாட்டினம் மார்ச் முதல் வாரத்தில் 2,200 டாலருக்கு மேல் போனது. நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடைக்காலத்தில் சீலா மீன் விலை கேட்டுவிட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம் அல்லவா? ஆனால் தடைக்காலம் எப்போது முடியும் என்று நமக்குத் தெரியும். எஸ்காமின் இருட்டு எப்போது முடியும் என்று அன்று எவருக்கும் தெரியாது. பாதி விலையை ஏற்றியது அந்தத் தெரியாமைதான். மீதிப் பாதியை ஏற்றியவர்கள், ஏறுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து வாங்கியவர்கள். அதே ஆண்டு அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்து கார் விற்பனை படுத்தது. அக்டோபர் கடைசியில் 800 டாலருக்கும் கீழே. எட்டு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. தங்கம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "சுரங்கம் நின்றால் விலை ஏறும்" என்று ஒரு விதி எழுதிக்கொள்ளாதீர்கள். 2014-ல், தம்பி, உங்களுக்குக் கல்யாணம் நடந்த அதே ஆண்டில், ஜனவரி முதல் ஜூன் வரை ஐந்து மாதம் சுமார் 70,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்பு ஐந்து நாளுக்கு எழுநூறு டாலர் ஏறிய விலை, ஐந்து மாதத்துக்கு 1,400-க்கும் 1,500-க்கும் நடுவில்தான் அசைந்தது. எங்கள் யார்டில் ஒரு பாகிஸ்தானி முதலாளி 'இரண்டாயிரம் போகும்' என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவைத்து, கடைசியில் வாடகை கொடுக்க முடியாமல் விற்றார். காரணம் குளிர்பதனக் கிடங்கு. தடைக்காலத்திலும் ஏற்றுமதி கம்பெனி ஓடுகிறது என்றால், முன்பே வாங்கி உறைய வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதுபோல லண்டனிலும் ஜூரிக்கிலும் கார்க் கம்பெனிகளிடமும் சுரங்கக் கம்பெனிகளிடமுமே முந்தைய ஆண்டுகளின் சரக்கு இருந்தது. வேலைநிறுத்தம் வரும் என்று தெரிந்து சேர்த்தும் வைத்திருந்தார்கள். பூமிக்கு மேலே எவ்வளவு கிடக்கிறது என்பதைப் பார்க்காமல் பூமிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கல், விலை இறங்கினாலும் தோண்டுவது நிற்பதில்லை. இறாலுக்காக வலை இழுக்கிற விசைப்படகு, வலையில் கூடவே வந்து விழும் மலிவான சங்காய மீன் விலை குறைந்துவிட்டது என்று கரையில் கட்டிக்கிடக்குமா? ரஷ்யாவின் நோரில்ஸ்க் பகுதியில் நிக்கலுக்கும் செம்புக்கும் தோண்டும்போது பல்லேடியத்தோடு பிளாட்டினமும் வந்துவிடுகிறது. அங்கே பிளாட்டினம் சங்காயம். தென்னாப்பிரிக்காவிலும் அதே பாறையில் பல்லேடியமும் ரோடியமும் இருப்பதால், அவற்றின் விலை நன்றாக இருக்கும்வரை பிளாட்டினம் எப்படிப் போனாலும் சுரங்கம் ஓடும். ரோடியம் 2021-ல் அவுன்ஸுக்கு 29,000 டாலர் அருகே போனதே, அந்த லாபத்தில் பல சுரங்கங்கள் பிழைத்தன. போதாததற்கு அவர்களுக்குக் கூலிச் செலவு தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில், வரவு டாலரில். ராண்ட் சரிந்தால் டாலர் விலை படுத்தாலும் தாக்குப்பிடிப்பார்கள்.

இப்போது உங்கள் மோதிரம் ஏன் தூங்கியது என்பதற்கு வருவோம். டீசல் எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தப் பெரும்பாலும் பிளாட்டினம். பெட்ரோல் எஞ்சினுக்குப் பல்லேடியம். ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதி டீசலில் ஓடிய காலம் பிளாட்டினத்தின் பொற்காலம். 2015 செப்டம்பரில், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்ததை ஃபோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் 1.1 கோடி வண்டிகள். டீசல் கார் என்றாலே மக்கள் முகம் சுளித்தார்கள். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த பிளாட்டினம் 2016 ஜனவரியில் 820 டாலர் அளவுக்கு வந்தது. சீனாவிலும் பிளாட்டினம் நகை மோகம் தணிந்தது. அதே நேரத்தில் பல்லேடியம் ஏறிக்கொண்டே போய் 2017-ல் பிளாட்டினத்தை முந்தி, 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டியது. இதற்கிடையில் கார்க்காரர்கள் பெட்ரோல் வண்டிகளிலும் விலையேறிய பல்லேடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பிளாட்டினத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஒன்று அதிகம் ஏறினால் மற்றதைப் பிடிப்பது இவர்களுக்குப் பழக்கம். முன்பு 2000, 2001-ல் பல்லேடியம் எகிறியபோது பயந்து வாங்கிக் குவித்த ஃபோர்டு நிறுவனம், விலை கவிழ்ந்ததும் சுமார் 100 கோடி டாலர் நட்டம் எழுதியது. ஷார்ஜா முற்றத்தில் என் குவியலை நினைத்து நான் வருந்தும்போதெல்லாம் ஃபோர்டை நினைத்துத் தேறிக்கொள்வேன்.

2014-ல் சராசரியாக 1,385 டாலர். 2024-ல் 955 டாலர் அளவு. மூன்றில் ஒரு பங்கு இறக்கம். ஆனால் அதற்குள் டாலர் 61 ரூபாயிலிருந்து 84 ரூபாய்க்கு அருகே வந்துவிட்டது. வரி சேர்க்காமல் கணக்குப் போட்டால் கிராம் 2,700 ரூபாய் இருந்தது 2,570 ரூபாய். உங்கள் மோதிரம் விழவில்லை என்று தோன்றியதற்குக் காரணம் மோதிரம் அல்ல, ரூபாய் விழுந்ததுதான்.

பிறகு 2025-ல் என்ன நடந்தது? விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. 2023-ல் ரோடியமும் பல்லேடியமும் குப்புற விழுந்தன. சுரங்கங்களைத் தாங்கிய லாபம் போயிற்று. ஆள்குறைப்பு, சில சுரங்க வாய்களை மூடுவது, புதிய முதலீட்டைத் தள்ளிவைப்பது என்று போனார்கள். என்னைப் போன்றவர்களும் இந்த விலைக்குக் கொடுப்பதா என்று பழைய கூடுகளை விற்காமல் பூட்டிவைத்தோம். மறுசுழற்சி வரவும் சுருங்கியது. 2023-லிருந்து ஆண்டுதோறும் தேவையைவிட வரவு குறைவு. பூமிக்கு மேலே கிடந்த குளிர்பதனக் கிடங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. அப்போதும் இரண்டு ஆண்டு விலை அசையவில்லை. 900, 1,000 என்று உறங்கியது. காலியாகிற பெட்டி அடி தட்டும்வரை எவரும் கவனிப்பதில்லை.

2025 தொடக்கத்தில் 900 டாலர். பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் வெள்ளம் புகுந்து சுரங்க வேலை கெட்டது. அமெரிக்கா இறக்குமதி வரி போட்டுவிடுமோ என்ற பயத்தில் கட்டிகள் லண்டனிலிருந்து நியூயார்க் கிடங்குகளுக்குப் போய் முடங்கின. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போனதால் சீனத்து நகைக்காரர்கள் பிளாட்டினத்தின் பக்கம் திரும்பினார்கள். சரக்கைக் கடனாக வாங்கி வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்குக் கடன் வட்டி தாறுமாறாக ஏறியது. சரக்கு உண்மையிலேயே இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான அடையாளம் அதுதான். ஜூனில் 1,300-ஐத் தாண்டி, அக்டோபரில் 1,600-ஐத் தாண்டி, ஆண்டு முடிவதற்குள் 2,000 டாலரையும் தாண்டியது. தங்கச் சந்தை கப்பல் என்றால் இது வள்ளம். நாலு பேர் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலே சாயும், எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில் சாயும்.

மின்சாரக் கார் வந்தால் புகைக்குழாயே இல்லை, பிளாட்டினம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான பயம். நம் முன்னோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். கீழக்கரைக்குப் பெயர் வாங்கித் தந்த முத்தை, ஜப்பானில் மிகிமோட்டோ சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் கவிழ்த்தார். 1930-களில் இயற்கை முத்தின் சந்தை உலகெங்கும் நொறுங்கியது. அடுத்தவன் மலிவாக மாற்று கண்டுபிடித்தால் கடலின் அருமை எதற்கும் உதவாது. ஆனால் பிளாட்டினத்தின் கதை அவ்வளவு சீக்கிரம் முடியாது என்பது என் கணிப்பு. ஹைபிரிட் வண்டிக்கும் கன்வர்ட்டர் வேண்டும். லாரிகள் டீசலைக் கைவிட இன்னும் வெகுகாலம் ஆகும். இந்தியாவிலேயே 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வண்டிக்கு வண்டி இந்த உலோகங்களின் அளவு கூடியிருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளிலும் பிளாட்டினம் இருக்கிறது. அதைக் காட்டி இப்போதே ஆசை காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருபது ஆண்டாக 'அடுத்த ஆண்டு ஹைட்ரஜன்' என்று கேட்டவன் என்பதால் நான் அதற்குக் காசு வைக்க மாட்டேன்.

விலையை நீங்களே கணக்கிடலாம், கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. அவுன்ஸ் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அவுன்ஸ் 31.1 கிராம். ஆக, கிராமுக்கு 32.15 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 2,733 ரூபாய். 2024 ஜூலை பட்ஜெட்டில் பிளாட்டினத்துக்கான இறக்குமதி வரியை 15.4 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைத்தார்கள். அந்த 6.4-ஐச் சேர்த்தால் 2,908. மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யோடு 2,995. நகையில் 95 சதவீதம்தான் பிளாட்டினம் என்பதையும் மறக்காதீர்கள். இதற்கு மேல் கேட்பதெல்லாம் செய்கூலி, சேதாரம், கடை வாடகை, விளம்பரத்தில் சிரிக்கும் நடிகரின் சம்பளம்.

வரியைப் பற்றி ஒரு வேடிக்கை. சுங்கச் சட்டக் கணக்கில் ஒரு கலப்பு உலோகத்தில் எடையில் இரண்டு சதவீதம் பிளாட்டினம் இருந்தாலே அது பிளாட்டினக் கலவை. தங்கத்தின் வரியும் பிளாட்டினக் கலவையின் வரியும் வேறு வேறாக இருந்தபோது, ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட வணிக ஒப்பந்தத்தின் சலுகையில், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தங்கமாக இருந்த கட்டிகள் பிளாட்டினம் என்ற பெயரில் இறங்கின. 2025-ல் அரசு கட்டுப்பாடு போட்டு அடைத்தது. நம் கடலில் கடத்தல்காரர்கள் படகிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு முக்குளிப்பவர்களை வைத்துத் தேடி எடுத்ததெல்லாம் தங்கக் கட்டிகள்தான். பிளாட்டினத்துக்காக எவரும் அந்தச் சிரமம் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. தங்கைக்கு நகை என்பது கழுத்துக்கு மட்டுமா? ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், படகு எஞ்சின் பழுதானால், சபராளி மாப்பிள்ளைக்கு விசா தாமதமானால், இரவோடு இரவாக அடகு வைக்கிற பொருள் அது. பிளாட்டினத்தை எந்த அடகுக் கடையில் வைப்பீர்கள்? ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட நகைக்கடன் விதிகளே தங்கத்தையும் வெள்ளியையும் பற்றித்தான் பேசுகின்றன. நம் ஊர்ப் பட்டறை ஆசாரியிடமும் போக முடியாது. தங்கம் 1,064 டிகிரியில் உருகும். பிளாட்டினம் 1,768 டிகிரி கேட்கும். அவருடைய ஊதுகுழலும் மூசையும் அதற்கு ஆனவை அல்ல. விரலுக்கு இறுக்கமானால் பெரிதாக்கக்கூட மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். ஆகவே வாங்கிய கடையே திரும்ப வாங்க வேண்டும், அவர் கழிக்கிறதுதான் கழிவு. தங்கைக்கு வேண்டாம், தம்பி. விலை இன்னும் இரட்டிப்பானாலும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என்றால் வேறு பேச்சு. நம் மார்க்கத்தில் ஆணுக்குத் தங்கம் ஆகாது. வெள்ளி ஆகும், பிளாட்டினம் ஆகும். கீழக்கரையிலும் தொண்டியிலும் பிளாட்டினம் மோதிரம் பரவியதற்கு விளம்பரத்தைவிட இதுதான் காரணம். இங்கேதான் ஓர் ஏமாற்றும் இருக்கிறது. வெள்ளைத் தங்கம் என்பது தங்கம்தான். பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்தது. என் லாத்தா (அக்கா) மகனுக்கு ஒரு கடையில் 'பிளாட்டினம்' என்று சொல்லிப் போட்ட மோதிரத்தை அவன் இரண்டு ஆண்டு தொழுகையில் அணிந்திருந்தான். ஓரம் மஞ்சளாகத் தெரிகிறது மாமா என்று கொண்டுவந்து காட்டினான்.

நகை எடை போடும் சிறு தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, என்னிடம் இருந்தது. மோதிரம் 7.80 கிராம். ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மோதிரத்தைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். தராசு 0.50 காட்டியது. மோதிரம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 7.80-ஐ 0.50-ஆல் வகுத்தால் 15.6. பதினெட்டு காரட் வெள்ளைத் தங்கத்தின் அடர்த்தி அந்த இடத்தில்தான் நிற்கும். 950 பிளாட்டினம் 20-க்குக் குறையாது, தராசில் 0.38 என்று வந்திருக்க வேண்டும். லாத்தா எதுவும் பேசவில்லை. எழுந்து போய் அடுப்பில் உலையைப் பார்த்தார்.

தம்பி, உங்கள் மோதிரத்தின் உள்வளையத்தில் 950 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு இந்தக் கோப்பைச் சோதனையையும் செய்துவிடுங்கள். எட்டு கிராம் என்றால் 0.39 அல்லது அதையொட்டி வர வேண்டும். வந்தால், நீங்கள் பத்து ஆண்டு தூங்கியதாக வருந்திய பொருள் இப்போது விழித்திருக்கிறது. விற்க நினைத்தால் அசல் பில்லோடு வாங்கிய கடைக்கே போங்கள். அன்றைய அவுன்ஸ் விலையையும் டாலர் மதிப்பையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முதலில் விலை சொல்லட்டும்.